இன்று வந்த கேள்விகள்: பூஜ்யம்

வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒருத்தி வந்து கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெயர் எழுதி ஒட்டின டப்பாவை விரலால் காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்ப்பீர்களா, எழுந்துபோய் எடுத்துக் கொடுத்து, எதுக்கு, வயித்துவலிக்கா தோசைக்கா என்று நாலு வார்த்தை கேட்பீர்களா? கோகிலவாணி பிறவியிலேயே இரண்டாவது ரகம். ஆனால் இந்த ஆறு வாரமாக அவள் செய்ததெல்லாம் முதல் ரகத்து வேலை, டப்பாவுக்குப் பெயர் ஒட்டுகிற வேலை. அதை அவ்வளவு சுத்தமாகச் செய்து முடித்துவிட்டாள் என்பதுதான், இந்தக் காலை பத்தே முக்கால் மணிக்கு, புனாவுக்குப் பக்கத்தில் சாக்கன் என்கிற ஊரில், மூன்றாவது மாடியில், பாயில் ஒருக்களித்துப் படுத்து ஒரு வயசுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் போனைப் பிடித்திருக்கிறவளுடைய கஷ்டம். போனில் 'பச்சைத் தீவு' விளையாட்டை ஆடுகிற தமிழ்க்காரர்கள் கூடுகிற மன்றம் திறந்திருக்கிறது. மேலே ஒரு பச்சைக் கட்டம். இன்று வந்த கேள்விகள்: 0. நேற்றும் அதே முட்டைதான். ஈரோட்டிலிருந்து மன்றத்தை நடத்துகிற திலக்ராஜ் விடிந்ததும் செய்தி அனுப்பியிருக்கிறான். "அக்கா, கலக்கிட்டீங்க! ரெண்டு நாளா ஒரு கேள்வி இல்ல. எல்லாரும் அவங்களே தேடி எடுத்துக்கிறாங்க. இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க." கூடவே கைதட்டுகிற பொம்மை மூன்று. ரெஸ்ட் எடுங்க. எடுத்து எங்கே வைக்க? இந்த வீட்டில் அதுதானே மூலைக்கு மூலை கிடக்கிறது, கூட்டித் தள்ளினால் ஒரு முறம் தேறும். நல்ல பிள்ளை, நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறான், முகம் பார்க்காத தம்பி. "சந்தோஷம் தம்பி" என்று பதில் போட்டாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சப்புகிற சத்தம். அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இன்றைக்கு வாயைத் திறந்து என்னென்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தாள். புருஷன் முனீஸ் ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது "பாத்துப் போங்க". ஒன்று. எட்டு மணிக்கு எதிர்வீட்டு சுரேகா தாயி கதவைத் தட்டி "பாணி ஆலா கா?" என்றாள், தண்ணி வந்துச்சா என்று. "ஆலா" என்றாள் இவள். இரண்டு. இரண்டு வருஷத்துச் சிநேகம் அந்த ஒரு சொல்லில்தான் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் வராத நாளில் "நாய்" என்று சொல்ல வேண்டும், அந்த ஊர் பாஷையில் இல்லை என்பதற்கு அப்படித்தான். முதல் தடவை சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சுரேகா தாயி என்ன நினைத்தாளோ. பேசத் தெரிந்திருந்தால் இந்த நாய்க்கதையைச் சொல்லி ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கலாம். பாஷை தெரிந்தால் சொல்லலாம், சொல்லிச் சொல்லித்தான் பாஷை வரும், கேட்பதற்கு ஆள் நின்றால்தானே சொல்வது, அவளுக்கும் இரண்டு பிள்ளை, பாத்திரம், துணி, தண்ணீர் நின்றுபோவதற்குள் பிடித்தாக வேண்டும். பிள்ளையிடம் பேசினது கணக்கில் சேருமா? பிள்ளையிடம் நாளெல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். யாரு தங்கம், யாரு செல்லம், யாரு அம்மா மூக்கைக் கடிச்சது. எல்லாம் கேள்விதான், பதிலும் அவளே. விளாத்திகுளத்துப் பக்கம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள், வகுப்பில் யாருக்குக் கணக்கு வரவில்லை என்றாலும் பெஞ்சு மாறி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள். "இவ வாயில ஈ நுழைஞ்சா அதுக்கும் விளக்கம் சொல்லித்தான் அனுப்புவா" என்று சரஸ்வதி டீச்சர் சொன்னது பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. இப்போது எட்டு மணியிலிருந்து பத்தே முக்கால் வரைக்கும், பெரிய ஆள் ஒருவரிடம் ஒரு சொல் இல்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தாள். சத்தம் வந்தது. இருக்கிறது, எங்கேயும் போகவில்லை.

விளையாட்டைக்கூட வேண்டி விரும்பி எடுக்கவில்லை. கல்யாணமாகி இங்கே வந்த புதுசில், முனீஸ்தான் ஏற்றிக் கொடுத்தான், பொழுது போகும்டீ என்று. ஒவ்வொருத்தருக்கும் கடலுக்கு நடுவில் ஒரு தீவு. அதில் செடி வைக்கலாம், ஆடு வளர்க்கலாம், கிணறு வெட்டலாம். கரிசல்காட்டில் பிறந்தவளுக்குக் கிணறு வெட்டினால் உடனே தண்ணீர் வருகிற ஊர் என்பதே பெரிய வேடிக்கையாக இருந்தது. ஆட்டம் இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. அலுக்காதது மன்றம். ஆட்டத்தில் சிக்கிக்கொண்டவர்கள் அங்கே வந்து கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். மதுரையிலிருந்து ஒருத்தர், எதைக் கேட்டாலும் "மேடம் ஒரு டவுட்டு, திட்டக்கூடாது" என்றுதான் ஆரம்பிப்பார். "திட்டமாட்டேன் சொல்லுங்க, ஆட்டை மறுபடி தொலைச்சிட்டீங்களா?" "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க!" "மூணாவது ஆடு, மூணாவது தடவ. நீங்க ஆடு மேய்க்க லாயக்கில்ல, கோழிக்கு மாறிருங்க." அதற்கு நாற்பது பேர் சிரிப்பார்கள். ஒரு நாளைக்கு ஏழு கேள்வி, எட்டு கேள்வி. துவைத்துக்கொண்டே, தாளித்துக்கொண்டே, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி முடித்து ஈரக்கையோடே பதில் சொல்வாள். பிரசவத்துக்கு முந்தின நாளும் ஒருத்தருக்குக் கத்தரிச்செடியில் பூச்சிக்கு வழி சொன்னாள். அப்படித்தான் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டை வந்தது, 'வழிகாட்டி' என்று. அதை முனீஸிடம் காட்டினபோது "பெரிய கலெக்டரு" என்றான், ஆனால் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தான், அவள் பார்த்துவிட்டாள்.

பிறகு திலக்ராஜ்தான் கேட்டான், அக்கா, மூவாயிரத்து அறுநூறு கேள்வி குப்பையாக் கெடக்கு, ஒரே கேள்விய இருநூறு பேர் கேட்டிருக்காங்க, பதில் எங்கன்னு யாருக்கும் தெரியல, ஒழுங்குபடுத்தித் தருவீங்களா என்று. அவனே அலமாரி மாதிரித் தட்டு பிரித்துக் கொடுத்தான். கட்டுமானம், வளங்கள், நிகழ்வுகள், நீர் மேலாண்மை. கோகிலவாணி ஒரு நாள் பார்த்தாள், மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். தம்பி, வயலில் தண்ணி தேங்கி நிக்கிறவன் நீர் மேலாண்மைன்னா தேடுவான்? அவன் தண்ணி போகலைன்னுதான் தேடுவான். ஜனங்கள் என்ன சொல்லிக்கொண்டு ஓடிவருகிறார்களோ அதுதான் தட்டுக்குப் பெயர் என்று வைத்தாள். ஆடு காணோம். செடி வாடுது. தண்ணி போகல. பரிசு வரல. பணிக்கர் முகம் காட்டமாட்டேங்கிறார், பணிக்கர் என்பது ஆட்டத்தில் விதை விற்க வருகிற பொம்மை. ஒரே கேள்வி இருநூறு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதோடு கட்டினாள். பதிலை இரண்டு வரியாகச் சுருக்கி மேலே குத்தி வைத்தாள். அப்புறம் வால். பதிலுக்குப் பின்னால் தொங்குகிற பேச்சுக்கு அவள் வைத்த பெயர் அது. கிணற்றுக்கு மூடி எங்கே என்று ஒருத்தி கேட்டு, பதில் கிடைத்து, நன்றி சொல்லி, அதற்குக் கீழே எண்பது வரி: எங்க ஊர்லயும் கிணத்துல பிள்ளை விழுந்துச்சு, ஐயோ அப்புறம், ஒண்ணும் இல்ல தூக்கிட்டாங்க, என் மாமியார் இன்னைக்குப் பேசிட்டாங்க, அப்படியா என்ன சொன்னாங்க, உப்பு கம்மின்னாங்க. தேடி வருகிறவனுக்கு இது எதற்கு? வாலை வெட்டு. பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து ஆறு வாரம் வெட்டினாள். ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்தாள், படித்துவிட்டுத்தான் வெட்டினாள். சிலதுக்குச் சத்தமாகச் சிரித்துப் பிள்ளையை எழுப்பிவிட்டாள். சேலத்துப் பெண் ஒருத்தி, "அக்கா நான் சொன்னதெல்லாம் அழிச்சிட்டீங்களே" என்று வருத்தப்பட்டபோது, "ரேஷன் கடை வரிசையில நின்னு கதை பேசுனா பின்னால நிக்கிறவனுக்குக் கால் வலிக்கும்ல கண்ணு" என்று சொல்லிச் சமாதானம் செய்தாள். நல்ல பதில்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை, அவளுக்கு வேண்டியதெல்லாம் தட்டில் இருக்கிறது. தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார்கள், போகிறார்கள். இப்போதுகூட நூற்றுப் பன்னிரண்டு பேர் மன்றத்தில் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் காட்டுகிறது. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, எடுத்துக்கொண்டு, வந்தது தெரியாமல் போகிற நூற்றுப் பன்னிரண்டு பேர். மதுரைக்காரரின் ஆடு தொலைந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஆடு காணோம் தட்டை அவர் திறந்து பார்த்தால் அவள் எழுதின இரண்டு வரி இருக்கும். திட்டு இருக்காது.

பதினொன்றரை. பிள்ளை தூங்கிவிட்டது, இடது கை அதன் தலைக்கடியில் மாட்டிக்கொண்டது, உருவினால் எழுந்துவிடும். கீழே தண்ணி லாரி பின்னால் வருகிற பீப்பீப். ஒருத்தன் இந்தியில் கத்துகிறான். ஜன்னலில் எதிர்க் கட்டிடத்துக் குழாய், குழாயில் ஒரு புறா, போன வாரம் இருந்த அதே புறாவா, புறாவில் அடையாளம் என்ன இருக்கிறது. நாமே ஒரு கேள்வி போட்டால் என்ன? வேறு பெயரில்? சீச்சீ. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொள்கிற பைத்தியக்காரத்தனம். ஆனால் ஒரு தட்டிலிருந்து ஒரு பதிலைக் கொஞ்ச நேரம் எடுத்து உள்ளே வைத்தால்? அழிக்க வேண்டாம். அழித்தால் பாவம். உள்ளே வைப்பது. டப்பாவைக் கழுவுவதற்கு எடுத்தது மாதிரி. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். யாராவது ஒருத்தர் தேடுவார், கிடைக்காது, கேட்பார். சொல்லிவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம். எதை எடுக்கலாம் என்று விரல் தட்டுகளின் மேல் ஏறி இறங்கியது. பரிசு வரல, அது அப்படி அவசரமில்லை. தண்ணி போகல. ஆமாம், அதுதான். இருபத்துநாலாவது கட்டத்துக்கு வருகிற ஒவ்வொருத்தரும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பச்சைத் தீவில் தினமும் நம்ம ஊர் மணிக்குப் பகல் பன்னிரண்டானால் மழை. மடையைத் திறந்து வைக்காவிட்டால் வயலில் தண்ணீர் நின்று நாற்று அழுகிவிடும். மடையோ தென்னைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எவன் வரைந்தானோ. தென்னையை அழுத்திப் பிடிக்கணும், மரம் சாயும், பின்னால் மடை தெரியும். இவ்வளவுதான் பதில். அதைத் தொட்டாள். மறைக்கவா என்று போன் கேட்டது. பாருங்கள், தண்ணி வந்துச்சாவுக்கு அப்புறம் இன்றைக்கு அவளிடம் கேள்வி கேட்டது அதுதான். ஆம் என்று அழுத்தினாள். பெட்டிக்கடையில் மிட்டாய் எடுத்த மாதிரி. ச்சே, என்னத்த எடுத்துட்டோம், நம்ம எழுதினது, நம்ம வச்சது.

காத்திருப்பது என்றால் என்ன என்று பிள்ளை பெற்றவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினைந்து ஆனது. ஏறினால் யார் வந்தது, எதைத் தேடி வந்தது. இறங்கினால் யார் போனது, எதை எடுத்துக்கொண்டு போனது. ஒருவேளை யாருமே கேட்கமாட்டார்களோ. கிடைக்காவிட்டால் பேசாமல் போய்விடுவார்களோ. கேட்கிற பழக்கத்தையே நாம்தான் விடவைத்துவிட்டோமோ. அப்படியென்றால் திரும்ப வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான், இந்தப் போனை அணைத்தால் சாக்கன் ஊரில் கோகிலவாணி என்று ஒருத்தி மூன்றாவது மாடியில் இருப்பது ஆருக்குத் தெரியும், தண்ணீர் நின்றுபோனால் சுரேகா தாயிக்குத் தெரியும், பாணி ஆலா கா, பதில் வராவிட்டால் அடுத்த வீட்டைத் தட்டுவாள். இப்படி நினைக்கக்கூடாது என்று தலையை உதறினாள். கூந்தலில் தேங்காயெண்ணெய் வாசம், பால் வாசம். கை மரத்துப்போய் எறும்பு ஊறியது. பிள்ளையின் நெற்றி வியர்வை அவள் முழங்கை மடிப்பில் பிசுபிசுத்தது. ஊதினாள். பிள்ளை தூக்கத்தில் சிரித்தது. யாரிடமோ சிரிக்கிறது, நம்மிடம் இல்லை.

பதினொன்று ஐம்பதுக்கு டிங் என்றது. பச்சைக் கட்டத்தில் பூஜ்யம் ஒன்றானது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அசடு, அசடு. மெர்சி ஸ்டெல்லா! குவைத்தில் நர்ஸாக இருக்கிற பிள்ளை, அருமனைப் பக்கம். காலை டீக்குப் பத்து நிமிஷம் விடுவார்கள், அதில்தான் ஆடுவாள். முன்பெல்லாம் கேள்வியோடு அன்றைக்குக் குவைத்தில் எவ்வளவு வெயில் என்றும் சேர்த்து எழுதுவாள். "அக்கா, 24க்கு வந்துட்டேன்! நாப்பது நாளா சேத்து வச்ச சந்தன நாத்தை இப்பத்தான் நட்டேன். மடை எங்க இருக்கு?" கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் அடிக்க ஆரம்பித்தாள். தென்னையை என்று அடித்தாள். நிறுத்தினாள். பதிலை முதலில் வைத்தால் அது வாங்கிக்கொண்டு போய்விடும். போய்விட்டால் அவ்வளவுதான், மறுபடி பூஜ்யம். அழித்தாள். மெர்சி, நல்லா இருக்கியாமா, எம்புட்டு நாளாச்சு, அங்க வெயில் எப்படி இருக்கு, போன தடவ உன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்துட்டு இருக்காங்கன்னு சொன்னியே என்ன ஆச்சு, என் பொண்ணு பிடிக்காம நாலு எட்டு வைக்கிறா, அஞ்சாவது எட்டுக்கு உக்காந்துக்கிறா, பெரிய மகாராணி, இங்க ஒரு எதிர்வீட்டுக்காரம்மா இருக்காங்க, தண்ணி இல்லன்னா நாய்னு சொல்லணும் அவங்ககிட்ட, கேட்டா சிரிப்ப. அடித்துக்கொண்டே போனாள். வெள்ளம் மாதிரி வந்தது. எழுத்துப் பிழை வந்தால் திருத்தினாள், பிழையோடு அனுப்ப மனசில்லை, வீட்டுக்கு வந்தவளுக்கு ஓட்டை டம்ளரிலா காப்பி கொடுப்பது. பன்னிரண்டு வரி. கடைசியில், போகிறவளுக்கு வாசலில் வைத்துப் பூ கொடுக்கிற மாதிரி, தென்னையை அழுத்திப் பிடி, மரம் சாயும், பின்னால மடை. அனுப்பினாள். மனசு அப்படியே நிறைந்துபோய், போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். டிங். எடுத்தாள்.

"அக்கா மழை வந்துருச்சு. நாத்து போச்சு." அடுத்தது: "பரவால்ல அக்கா. பிரேக் முடிஞ்சுது, வார்டுக்குப் போறேன்." அடுத்தது: "அது மேலேயே குத்தி வச்சிருப்பீங்களே, நான் நெறைய தடவ பாத்திருக்கேன். பத்து நிமிஷமும் அதைத்தான் தேடினேன். யாரு எடுத்தா?" மணி பன்னிரண்டு இரண்டு. போன் மூலையில் மணி அப்போதும் இருந்தது, அவள் அடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அங்கேதான் இருந்தது. இப்பத்தான் நட்டேன் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது, அதைப் படிக்கத்தானே செய்தோம். படித்தோம். நாற்பது நாள். நாற்பது டீ. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பரவால்ல அக்கா. ஏதோ கோளாறும்மா, தானா மறைஞ்சிருச்சு என்று எழுதலாம். யார் பார்த்தது? திலக்ராஜ்கூட நம்புவான். விரல் 'ஏதோ' வரைக்கும் போனது. ஊரில் பக்கத்து வயல்காரன் மடையைத் திருப்பிவிட்டான் என்று அருவாளைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறாள், திருப்பியவனும் இப்படித்தான் சொன்னான், தண்ணி தானா திரும்பிருச்சு. அழித்தாள். முதலில் பதிலைப் பழைய இடத்திலேயே மேலே குத்தி வைத்தாள். பிறகு எழுதினாள். "நான்தான் எடுத்தேன் மெர்சி." ஏன் என்று அது கேட்கும். கேட்டால் என்ன சொல்ல. இரண்டு வரியில் சொல்ல வராது. அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. வார்டில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருக்கும். நூற்றுப் பதினைந்து பேர் நூற்றுப் பத்து ஆனார்கள். மடை இருக்கிற இடத்தை அதற்குள் இரண்டு பேர் எடுத்துக்கொண்டு போய்விட்டதாக எண்ணிக்கை காட்டியது. சத்தமில்லாமல்.

பன்னிரண்டரைக்கு முனீஸ் கூப்பிட்டான். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் கூப்பிடுவதுதான். பின்னால் பிரெஸ் மிஷின் விழுகிற சத்தம், தட்டு உருளுகிற சத்தம், யாரோ மராத்தியில் சிரிக்கிறார்கள். "ஏ பிள்ள, சாப்ட்டியா?" என்றான். "ஆச்சு" என்றாள். "பாப்பா?" "தூங்குது." "சரி, வைக்கவா?" முப்பது விநாடி. நேற்றும் இதேதான், முந்தாநாளும் இதேதான், இரண்டு வருஷத்தில் எழுநூறு தடவை கேட்டிருப்பான். அவளுடைய சட்டப்படி பார்த்தால் ஒன்றை வைத்துக்கொண்டு அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதைக் கட்டிப் போட வேண்டியது. எங்கே ஆச்சு? சோறு இன்னும் குக்கருக்குள்ளேயே இருக்கிறது, காலையிலிருந்து ஒரு டம்ளர் காப்பியோடு படுத்திருக்கிறாள். பதில் எப்போதும் அதுவேதான் என்று நாக்கு தானாக எடுத்துக் கொடுத்துவிட்டது. "என்ன பிள்ள, லைன்ல இருக்கியா? வச்சிரவா? சோறு ஆறுது."

"வைக்காதீங்க" என்றாள். மரத்துப்போன கையைப் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து மெதுவாக உருவினாள். பிள்ளை முனகியது, எழவில்லை. குரல் கம்மியிருந்தது, செருமிக்கொண்டாள்.

"என்னாச்சு? அழுறியா என்ன?"

"அழல. ஏங்க, சாப்ட்டியான்னு இன்னொரு தடவ கேளுங்க."

"இப்பத்தானடீ கேட்டேன்."

"கேட்டீங்க, தெரியும். மறுபடி கேளுங்க. கேட்டுட்டு உடனே வச்சிராம, நான் சொல்ற வரைக்கும் கொஞ்சம் இருங்க."